ஜார்ஜ்டவுன்ல தமிழ்ல ஒரு டூர்: டாக்டர் வூ லியென் தே நடந்த பாதையில போயிட்டு வந்தேன்

போன சனிக்கெழம பினாங்குல ஒரு வாக்கிங் டூர் போயிட்டு வந்தேன், நூறு வருசத்துக்கு முன்னால சீனாவுல பிளேக் நோய அடக்குன பினாங்கு டாக்டர் வூ லியென் தே பத்துன டூர். அதப் பத்தி எழுதணும்னு மூணு நாளா நெனச்சிக்கிட்டே இருந்து இன்னிக்கித்தான் ஒக்கார நேரம் கெடச்சிச்சி. நடத்துறவரு ஒரு தமிழ் அண்ணன், தனி ஆளா செய்றாரு, கம்பெனி போர்டு ஒண்ணும் கெடையாது, பேர போட வேணாம்மான்னு கேட்டுக்கிட்டாரு அதனால போடல. லிட்டில் இந்தியா பக்கம் தமிழ்ல டூர் நடத்துற அண்ணன்னு விசாரிச்சாலே காட்டிடுவாங்க, ஏன்னா தமிழ்ல செய்றவங்க அங்க ரொம்ப கொஞ்சம் பேருதான்.

ஆளுக்கு 85 வெள்ளி (ரிங்கிட்), சின்னப் பிள்ளைங்களுக்கு பாதி. காலையில 7.30க்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் முன்னால கூடணும், மொத ரெண்டு மணி நேரம் நடை, நடுவுல பசியாற ஒரு கடையில நிறுத்துறாரு (அதுக்கு நம்ம காசு), அப்புறம் வேன்ல கிரீன் லேன், அங்கேருந்து குவீன்ஸ்பே கடலோரம், 12 மணிக்கெல்லாம் திரும்ப கொண்டாந்து விட்டுடுறாரு. நாங்க மொத்தம் 9 பேரு, கூலிம்லருந்து வந்த ஒரு ஆண்ட்டி, தோட்ட ஆஸ்பத்திரியில மிஸ்ஸியா (நர்ஸா) இருந்து ரிட்டயர் ஆனவங்க, அவங்க பேரன், ஒரு காலேஜ் கூட்டம், அப்புறம் நானு.

நான் ஏன் இந்த டூருக்கு போனேன்னு சொல்லிடுறேன், அப்பத்தான் நான் எத நல்லாருக்குன்னு சொல்றேன்னு புரியும். கோலாலம்பூர்ல (கேஎல்) சுகாதார வேலையிலதான் 14 வருசமா இருக்கேன். டாக்டர் இல்ல, பிபிகேபி, அதாவது சுற்றுச்சூழல் சுகாதார உதவி அதிகாரி. ஏடிஸ் கொசு தேடி வீடு வீடா போறது, சாப்பாட்டுக் கடைய செக் பண்றது, தொத்து நோய் வந்தா யாரு யாரோட பழகுனாங்கன்னு தேடிப் புடிக்கிறது, எல்லாம் நாங்கதான். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) ஆரம்பிச்சதுலருந்து ரெண்டு வருசம் எப்படி போச்சின்னு இன்னும் முழுசா நெனச்சிப் பாக்க முடியல. அந்த நேரத்துல, நூறு வருசத்துக்கு முன்னாலயே பிளேக்குக்கு மாஸ்க் கட்ட வச்சது பினாங்குக்காரரு டாக்டர் வூன்னு எல்லாரும் ஷேர் பண்ணாங்க, நானும் பண்ணேன், அதுக்கு மேல அவரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.

டூர் லெபோ சூலியாவுல (சூலியா ஸ்ட்ரீட்) ஆரம்பிக்குது. சூலியான்னாலே சோழமண்டலக் கரையிலருந்து வந்த நம்ம தமிழ் முஸ்லிம் வியாபாரிங்கள சொன்ன பேருதான், அந்த ரோட்லதான் 1904 கடைசியில டாக்டர் வூ கிளினிக் தொறந்தாரு. அண்ணன் இங்க நல்லா நேரம் எடுத்துக்கிட்டாரு, அதுக்கு காரணம் இருக்கு. வூ லியென் தே 1879 மார்ச் 10ல பினாங்குல பொறந்தவரு, அப்பா சீனாவுலருந்து வந்த தங்க ஆசாரி. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல படிச்சி குயீன்ஸ் ஸ்காலர்ஷிப் ஜெயிச்சி 1896ல கேம்பிரிட்ஜ்க்கு போறாரு, அங்க மருத்துவம் படிச்ச மொத சீனர் அவருதான். அப்புறம் லண்டன் செயின்ட் மேரிஸ், லிவர்பூல், ஜெர்மனி, பாரிஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட்னு எல்லா எடத்துலயும் பயிற்சி. இவ்ளோ படிச்சிட்டு 1903ல ஊருக்கு திரும்பி வந்தா கவர்மெண்ட்ல பெரிய டாக்டர் வேல கெடையாதுன்னுட்டாங்க, அதெல்லாம் வெள்ளக்காரங்களுக்கு மட்டும். கேஎல்ல ஐஎம்ஆர்னு சொல்றோமே மருத்துவ ஆராய்ச்சி நிலையம், 1900ல தொடங்குனது, அங்க ஒரு வருசம் பெரிபெரி நோயப் பத்தியும் குடல் புழுவப் பத்தியும் ஆராய்ச்சி பண்ணாரு, அதுக்கு மேல வழி இல்லாமத்தான் சூலியா ஸ்ட்ரீட்ல வந்து ஒக்காந்தாரு.

பெரிபெரின்னதும் அந்த கூலிம் ஆண்ட்டி எங்க தோட்டத்துல அது இல்லையேன்னாங்க. அதுக்கு அண்ணன் சொன்ன பதில் எனக்கே புதுசு. தீட்டுன வெள்ள அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிங்கதான் அந்த காலத்துல பெரிபெரியில கொத்து கொத்தா செத்தாங்க, நம்ம ஆளுங்க புழுங்கல் அரிசி சாப்பிட்டதால பெரும்பாலும் தப்பிச்சிட்டாங்க, நெல்ல வேகவைக்கும்போது தவுட்டுல இருக்குற வைட்டமின் அரிசிக்குள்ள எறங்கிடுது. மலாயாவுல இருந்த டாக்டருங்க இந்த வித்தியாசத்தப் பாத்துத்தான் நோய்க்கு காரணம் அரிசின்னு கண்டுபுடிச்சாங்க. எங்க பாட்டி கடைசி வரைக்கும் புழுங்கல் அரிசிய விடல. பச்சரிசி ஒடம்புக்கு ஆவாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க.

டூர்ல எனக்கு ஒரு கொறைன்னா அடுத்தது வந்த அபின் கதைதான். டாக்டர் வூ பினாங்குல அபின் எதிர்ப்பு சங்கம் தொடங்கி, 1906ல பெரிய மாநாடு கூட்டி, அந்த வியாபாரத்துல வருமானம் பாத்தவங்களோட பகைய சம்பாதிச்சாரு. அப்ப அபின் வரிதான் காலனி அரசாங்கத்துக்கு பெரிய வருமானம், பகைன்னா சாதாரண பகையா. 1907ல அவரு கிளினிக்க சோதன போட்டு ஒரு அவுன்ஸ் அபின் டிங்ச்சர், மருந்துக்கு வச்சிருந்தது, அத புடிச்சி கேஸ் போட்டு ஃபைன் கட்ட வச்சாங்க. அண்ணன் இத ரோடு தாண்டும்போது ரெண்டே வரியில சொல்லிட்டு போயிட்டாரு, பின்னால வந்த காலேஜ் பிள்ளைங்களுக்கு கேக்கவே இல்ல. பசியாறும்போது நான் கேட்டதுக்கப்புறம்தான் முழுசா சொன்னாரு. அண்ணே, இது நின்னு சொல்ல வேண்டிய எடம். சொந்த ஊர்ல அவமானப்பட்டதாலதான் அந்த மனுசன் அதே வருசம் சீன அரசாங்கத்துல பெரிய தலையா இருந்த யுவான் ஷிகாய் அழைப்ப ஏத்துக்கிட்டு சீனாவுக்கு கெளம்புனாரு, தியன்ஜின்ல ராணுவ மருத்துவக் கல்லூரிக்கு துணைத் தலைவரா. இது புரியாட்டி மிச்சக் கதைக்கு அஸ்திவாரம் இல்ல.

அடுத்து ஹார்பின், சீனாவோட வடகிழக்குல மஞ்சூரியாவுல இருக்குற ஊரு. இதுக்காகவே 85 வெள்ளி குடுக்கலாம். ஒரு பழைய கடை வாசல் அஞ்சடியில (கூரை போட்ட நடைபாதை) நிழல்ல எங்கள ஒக்கார வச்சி, துணியில வரைஞ்ச மஞ்சூரியா மேப்ப விரிச்சாரு. அந்த மேப்ல நோய் பரவுன எடத்துக்கு முன்னால ரயில் பாதையத்தான் காட்டுனாரு. வடக்க போற பாதை ரஷ்யாக்காரன் கையில, தெக்க போறது ஜப்பான்காரன் கையில, நடுவுல ஃபூஜியாதியன்னு சீனக் கூலிங்க நெருக்கியடிச்சி இருந்த டவுன். 1910 கடைசியில அங்க ஆளுங்க ரத்தமா துப்பி ரெண்டு மூணு நாள்ல சாவுறாங்க, புடிச்சவன் பொழைக்கல. தார்பகான்னு ஒரு அணில் ஜாதி, அதோட தோலுக்கு நல்ல வெல கெடச்சதால வேட்டைக்கு கூட்டம் கூட்டமா போனவங்ககிட்டருந்து ஆரம்பிச்சது அந்த பிளேக். சீனா அத அடக்கலன்னா அதையே சாக்கா வச்சி ரஷ்யாவும் ஜப்பானும் உள்ள பூந்துடுவாங்க. அதனாலதான் டாக்டர் வூவ அங்க அனுப்புனது வெளியுறவு இலாகா. அண்ணன் இத சொல்லிட்டு எங்க மூஞ்சியப் பாத்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. நோயப் பாக்க ஒரு டாக்டர வெளியுறவு இலாகா அனுப்புதுன்னா, அவரு போனது பாதி தூதரா.

டிசம்பர் 24ஆம் தேதி எறங்குறாரு, வயசு 31. மூணு நாள்ல, செத்துப்போன ஒரு ஜப்பான்கார பொம்பளையோட ஒடம்ப ரகசியமா அறுத்துப் பாத்து பிளேக் கிருமிய கண்டுபுடிக்கிறாரு. அந்த காலத்துல சீனாவுல பொணத்த அறுக்குறது பெரிய பாவம். எலி, தெள்ளுப்பூச்சி வழியா பரவுற பிளேக் இல்ல இது, மூச்சு வழியா ஆளுக்கு ஆளு நேரா பரவுதுன்னு சொன்னா பெரிய பெரிய டாக்டருங்க நம்பல. மெஸ்னின்னு ஒரு ஃபிரெஞ்சு டாக்டரு, வயசுலயும் பதவியிலயும் மூத்தவரு, வந்து என்னத்தான் தலைமையில போடணும்னு நிக்கிறாரு, இவர கேவலமாவும் பேசுறாரு. டாக்டர் வூ சண்ட போடல. பீக்கிங்குக்கு தந்தி அடிச்சி, நான் வெலகிக்கிறேன்னு எழுதிட்டாரு. மேலிடம் இவரு பக்கம் நின்னுச்சி. மெஸ்னி மாஸ்க் போடாம நோயாளிங்கள பாக்கப் போயி கொஞ்ச நாள்ல செத்துட்டாரு, 1911 ஜனவரி 11. அதுக்கப்புறம்தான் எல்லாரும் மாஸ்க் கட்ட ஆரம்பிச்சாங்களாம்.

எனக்கு அந்த தந்தி விசயம் நெஞ்சுல நின்னுடுச்சி. நோய் தடுப்புல பாதி வேல யாருக்கு அதிகாரம் இருக்குன்னு தீத்துக்கிறதுதான், அதுல நாங்க தெனம் மல்லுக்கட்டுறோம். எம்சிஓ நேரத்துல ஒரு தொழிற்சால ஹாஸ்டலுக்கு போறோம், ஒரு ரூம்ல இருவது பேரு, எல்லாருக்கும் காய்ச்சல், மேனேஜர் கேட்ட தொறக்க மாட்டேங்குறாரு, எங்க ஹெட் ஆபீஸ்ல கேளுங்கன்னு மூணு மணி நேரம் வெயில்ல நிக்க வச்சாரு. நோய் என்னன்னு எங்களுக்கு தெரியும், என்ன செய்யணும்னும் தெரியும், கையில ஒரு கடுதாசி இல்ல அவ்ளோதான்.

டாக்டர் வூ செஞ்சது எல்லாமே கடுதாசியும் பேச்சும்தான்னு அண்ணன் ஒண்ணொண்ணா காட்டுனாரு. ரஷ்ய ரயில்வே தலைவரப் பாத்துப் பேசி 120 சரக்குப் பெட்டி வாங்கி, நோயாளிங்களோட பழகுனவங்கள அதுல தனியா வச்சாரு. டவுன நாலா பிரிச்சி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கலர் பட்டை, அத கையில கட்டிக்கிட்டு அந்த பகுதிக்குள்ள மட்டும்தான் நடமாடலாம், சுத்தி ராணுவம். ரயில நிறுத்துனாங்க. இதுல எது ஒண்ணும் டாக்டர் எழுதுற மருந்து சீட்டு இல்ல.

அப்புறம் பொணங்க. கடுங்குளிர்ல தரை கல்லாட்டம் எறுகிக் கெடக்கு, தோண்ட முடியல, ரெண்டாயிரத்துக்கும் மேல சவப்பெட்டியும் பொணமும் சுடுகாட்டுல வரிசையா கெடக்குது. எரிச்சிடலாம்னா சீனவங்களுக்கு அது நெனச்சிக்கூட பாக்க முடியாத காரியம், மூதாதை ஒடம்பு மண்ணுக்குத்தான் போகணும். நமக்கு எரிக்கிறது பழக்கம், அதனால இது எவ்ளோ பெரிய விசயம்னு சட்டுனு புரியாது, நான் கோவிட் சமயத்துல அடக்கத்துக்கெல்லாம் கூட நின்னவ, அப்பா மூஞ்ச ஒரு தடவ பாத்துக்கிறேன்னு ஒரு பையன் என் கால புடிச்சிக்கிட்டு அழுதான், அனுமதிக்க முடியல, அதனால எனக்கு புரிஞ்சிச்சி. டாக்டர் வூ தானா முடிவெடுத்து எரிச்சிருந்தா ஊரே திரும்பியிருக்கும். ஊர்ப் பெரிய மனுசங்களையும் அதிகாரிங்களையும் கூட்டிட்டு போயி அந்த வரிசைய கண்ணால பாக்க வச்சாரு, அவங்க ஒத்துக்கிட்டப்புறம் ராஜாவுக்கே விண்ணப்பம் எழுதுனாரு, உத்தரவு வர வரைக்கும் பொறுத்திருந்தாரு. வந்துச்சி. ஜனவரி 30 சீனப் புது வருசப் பெருநாள், 31ஆம் தேதி எரிச்சாங்க. அன்னிலருந்து சாவு கொறைய ஆரம்பிச்சி மார்ச் 1ஆம் தேதியோட ஹார்பின்ல நின்னே போச்சி. மஞ்சூரியா பூரா கணக்கு பாத்தா 60,000 பேரு வரைக்கும் செத்திருக்காங்க. நாலு மாசத்துல.

இந்த எடத்துல கூலிம் ஆண்ட்டி கண்ண தொடச்சிக்கிட்டாங்க. அண்ணன் ஒடனே அடுத்ததுக்கு போகாம தண்ணி பாட்டில் குடுத்து ஒக்கார விட்டாரு. நல்ல கைடு.

மாஸ்க் செய்ற பகுதியும் இருக்கு, பிள்ளைங்களோட போறவங்களுக்கு இது ரொம்ப புடிக்கும். காஸ் துணி ரோல் கொண்டாந்து மூணு அடி நீளத்துக்கு வெட்டி, மடிச்சி, நடுவுல பஞ்சுப் பட்டைய வச்சி, ரெண்டு முனையும் நீளமா கிழிச்சி வால் மாதிரி விட்டு தலைக்கு பின்னால கட்ட சொல்லித் தராரு. டாக்டர் வூ ஊழியர்ங்களுக்கு சொல்லிக் குடுத்த முறை இதான், கடையில கெடைக்கிற சாமான், செலவும் சல்லிக் காசு. அந்த சின்னப் பையன் கட்டிக்கிட்டு மதியம் வரைக்கும் அவுக்கல.

மஞ்சூரியாவுல முக்டன் நகரத்துல நடந்த பிளேக் மாநாடு, 1911 ஏப்ரல், அண்ணன் கொஞ்சம் ஓட்டிட்டாரு, நேரம் போயிட்டதால இருக்கும். 11 நாட்டு விஞ்ஞானிங்க வந்து ஒக்காந்த மாநாடு, ஜப்பான்லருந்து பேர் பெத்த கிருமி விஞ்ஞானி கிடாசாட்டோவே வந்தாரு, அதுக்கு தலைவர் சூலியா ஸ்ட்ரீட் டாக்டர். சீனாவுல நடந்த மொத அனைத்துலக விஞ்ஞான மாநாடே அதான். மஞ்சூரியாவுல ஆளுக்கொரு பக்கம் புடிச்சி வச்சிருந்த ரஷ்யாவையும் ஜப்பானையும் ஒரே மேசையில ஒக்கார வச்சி நோயப் பத்தி மட்டும் பேச வைக்கிறதுன்னா எவ்ளோ சாமர்த்தியம் வேணும். நாடுங்க பேர மட்டும் கடகடன்னு படிச்சிட்டு போயிட்டாரு, அங்க என்ன பேசுனாங்கன்னு இன்னும் அஞ்சு நிமிசம் சொல்லியிருக்கலாம். போட்டோவும் சின்ன சைஸ்ல பிரிண்ட் எடுத்திருக்காரு, 9 பேரு எட்டிப் பாக்க கஷ்டம், ஏ3ல போட்டா நல்லது. இதயெல்லாம் அவர்கிட்டயே சொல்லிட்டேன், ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாரு.

கிரீன் லேன்ல ஃப்ரீ ஸ்கூல வேன்ல இருந்தே பாத்தோம், உள்ள போக முடியாது. இந்த கட்டடத்துக்கு ஸ்கூல் மாறி வந்ததே 1928லதான், டாக்டர் வூ படிச்சது இங்க இல்லன்னு அண்ணனே நேர்மையா சொல்லிட்டாரு. பக்கத்துல தாமான் வூ லியென் தேன்னு குடியிருப்பு இருக்கு, போர்டு முன்னால படம் எடுத்துக்கிட்டோம், அவ்ளோதான், இந்த ஸ்டாப் இல்லாட்டியும் பரவால்ல.

கடைசி எடம் குவீன்ஸ்பே கடலோரம். எதுக்க பூலாவ் ஜெரெஜாக் தீவு. இங்க எதுக்கு கூட்டியாந்தாருன்னு எனக்கு மொதல்ல புரியல. மஞ்சூரியாவுல 1912லருந்து பிளேக் தடுப்பு சேவைய டாக்டர் வூ நடத்துனாரு, 1915ல சீன மருத்துவ சங்கத்த தொடங்குனவங்கள்ல ஒருத்தரா இருந்தாரு, அப்புறம் 1930ல சீனாவோட தேசிய குவாரண்டைன் சேவைக்கு தலைவரானாரு. அதுவரைக்கும் சீனத் தொறமொகத்துல எந்த கப்பல நிறுத்தணும் எத உள்ள விடணும்னு முடிவு பண்ணது வெளிநாட்டுக்காரங்க கையில இருந்த சுங்க இலாகா. பேச்சுவார்த்த நடத்தி அத ஒவ்வொரு தொறமொகமா சொந்த நாட்டு கைக்கு கொண்டாந்தாங்க, 1937ல ஜப்பான் படையெடுத்து வர வரைக்கும் அந்த வேலையிலதான் இருந்தாரு. அண்ணன் இத சொல்லிட்டு, குவாரண்டைன்னா நமக்கு இந்த தீவுதான்னு கையக் காட்டுனாரு.

எங்க தாத்தா 1930கள்ல நாகப்பட்டணத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு வந்தவரு. எறங்குனதும் நேரா ஜெரெஜாக்ல கொண்டு போயி வச்சிட்டாங்களாம், துணிய எல்லாம் கழட்டி ஆவியில போட்டாங்க, மருந்துத் தண்ணியில குளிக்க வச்சாங்க, ஒரு வாரம் எதுக்கு அடைச்சி வச்சாங்கன்னு யாரும் தமிழ்ல சொல்லல, விடியுறப்ப எதுக்க பினாங்கு வெளிச்சம் மட்டும் தெரியும், அத பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன்னு சாவுற வரைக்கும் சொல்லுவாரு. நோய் இல்லாதவன எதுக்கு கட்டிப் போட்டானுங்கன்னு அந்தக் கோவம் அவருக்கு கடைசி வரைக்கும் போகல. நான் இந்த வேலைக்கு சேந்தப்ப கூட, அடைச்சி வக்கிற ஆளுங்களோட நீயும் சேந்துட்டியான்னுதான் கேட்டாரு. நான் அப்ப பதில் சொல்லல, எனக்கு தெரியல. அங்க நின்னு பாக்கும்போது தோணுச்சி, தாத்தாவ அடைச்சதுல தப்பு இல்ல, சொல்லாம அடைச்சதுதான் தப்பு. ஹார்பின்ல அந்த பெரிய மனுசங்கள சுடுகாட்டுக்கு கூட்டிட்டு போயி காட்டுனாரே, அந்த மாதிரி யாராவது ஒருத்தர் தமிழ்ல ரெண்டு வார்த்த தாத்தாகிட்ட சொல்லியிருந்தா போதும். அண்ணன்கிட்ட இத சொன்னேன். ஒண்ணும் பேசல, தாத்தா பேரு என்னம்மான்னு மட்டும் கேட்டாரு.

டாக்டர் வூ சீனாவ விட்டு வந்தப்புறம் ஈப்போவுல சாதாரண கிளினிக் வச்சி ரொம்ப வருசம் வைத்தியம் பாத்தாரு, 1935ல நோபல் பரிசுக்கு பரிந்துரை செய்யப்பட்ட மனுசன். 1960 ஜனவரி 21ல பினாங்குலயே காலமானாரு, 80 வயசு. ஈப்போ பகுதிய டூர்ல ரெண்டு நிமிசத்துல முடிச்சிட்டாரு, ஆனா அது அந்த ஊர்ல செய்ய வேண்டிய டூரு, அதுக்காக மார்க் கொறைக்க மாட்டேன்.

அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன். தொப்பியும் தண்ணியும் கண்டிப்பா எடுத்துக்குங்க, 9 மணிக்கு மேல சூலியாவுல வெயில் தாங்காது, கொட அவர் தரதில்ல. கழிவறை பசியாற நிக்கிற கடையில மட்டும்தான். மூட்டுவலி உள்ள பெரியவங்களுக்கு மொத ரெண்டு மணி நேர நடை கஷ்டம், முன்கூட்டியே சொன்னா நேரா கிரீன் லேன்ல வேன்ல சேந்துக்கலாம்னு சொன்னாரு, காசும் பாதிதான் வாங்குவாரு. அடுத்த மாசம் எங்க அம்மாவ அப்படித்தான் கூட்டிட்டு போறேன், ஜெரெஜாக் தெரியுற பக்கம் முன் சீட்ட இப்பவே சொல்லி வச்சிட்டேன்.